உங்களுக்குத் தெரியுமா? லேப்டாப் திடீரென்று படுத்தால்…

மும்முரமாக வேலை ஓடும்போது லேப்டாப் சட்டென்று நின்று நீலத் திரை வந்தால், ‘போச்சு, மெஷின் காலி’ என்றுதான் மனசு பதறும். ஆனால் அது விண்டோஸ் தானே எடுக்கும் முடிவு. இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஏதோ கணக்கு தப்பிவிட்டது என்று தெரிந்ததும், தப்பான தகவல் டிஸ்க்கில் ஏறி உங்கள் ஃபைல்கள் கெடுவதற்குள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. சேமிக்காத வேலை போகும். சேமித்தது பெரும்பாலும் பத்திரமாக இருக்கும்.

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது அந்தத் திரையில் சோக முகம் சேர்ந்தது. 2016-ல் கியூ.ஆர். கோடு வந்தது. 2025-ல் விண்டோஸ் 11 திரையைக் கறுப்பாக்கி, இரண்டையும் எடுத்துவிட்டது. நிறம் எதுவானாலும் நாம் பார்க்க வேண்டியது ‘ஸ்டாப் கோடு’ என்ற வரியை. பக்கத்திலேயே ஒரு ஃபைல் பெயரும் இருந்தால் பாதி துப்பு கிடைத்த மாதிரி. செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் கடையில் ‘ஃபார்மட் பண்ணிடலாம் சார்’ என்பதற்குள் அந்தப் படத்தை நீட்டுங்கள். காரணம் தெரியாமல் ஃபார்மட் செய்வதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோளாறு ரேமில் இருந்தால் புதிதாகப் போட்ட விண்டோஸும் அடுத்த வாரமே விழும்.

படிப்பதற்குள் திரை மறைந்து மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறதா? ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடித் திறந்து, ‘ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி’ பகுதியில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை நீங்களாக அணைக்கும்வரை திரை அப்படியே நிற்கும்.

படம் எடுக்கத் தவறினாலும் தடயம் அழிவதில்லை. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘மினிடம்ப்’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு சின்ன ஃபைல் அங்கே சேரும். பெயரிலேயே மாதம், நாள், வருடம் என்ற வரிசையில் தேதி இருக்கும்: 071924 என்று தொடங்கினால் 2024 ஜூலை 19. ‘புளூஸ்கிரீன்வியூ’ என்ற இலவச மென்பொருளில் திறந்தால், விழுந்த நேரத்தில் ஓடிய டிரைவர்களின், அதாவது சாதனங்களை இயக்கும் மென்பொருள்களின், பட்டியல் வரும். இங்கே ஓர் எச்சரிக்கை. பல சமயம் பழி ‘என்.டி.ஓ.எஸ்.கர்னல்’ என்ற ஃபைல்மேல் விழுந்திருக்கும். அது விண்டோஸின் கெர்னலேதான். பெரும்பாலும் வேறொரு டிரைவர் செய்த கோளாறு அதன் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். அதை விட்டுவிட்டு மற்ற பெயர்களைத் தேடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஸ்டாப் கோடு வந்தால் சந்தேகம் முதலில் ரேம் மேல்தான் போக வேண்டும். ஒரே கோடு, ஒரே டிரைவர் பெயர் என்று திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிரைவர்மேல். ‘வீடியோ டி.டி.ஆர். ஃபெயிலியர்’ என்றால் கிராஃபிக்ஸ் பக்கம் கோளாறு. ‘டபிள்யூ.எச்.இ.ஏ. அன்கரெக்டபிள் எரர்’ என்றால் ஹார்டுவேரே முறையிடுகிறது என்று பொருள், அங்கே ஓ.எஸ். மாற்றிப் பயன் இல்லை.

ரேமைச் சோதிக்கக் காசு செலவில்லை. ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ உள்ளேயே இருக்கிறது. இரண்டு ரேம் உள்ள லேப்டாப்பானால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றொன்றோடு ஓட்டிப் பார்த்து, பிறகு மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் தெளிவான சோதனை.

நீலத் திரையே வராமல், பட்டென்று மொத்தமாக அணைந்துபோனால் கதை வேறு. அப்போது சூட்டையும் மின்சாரத்தையும் பாருங்கள். பல பிராசஸர்களுக்குச் சுமார் 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். மெத்தைமேல் வைத்தால் அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகள் அடைபடும். ஃபேனில் தூசி படிந்தாலும் இதே கதி. டச்பேட் மேலே எழும்பி நின்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல் கடைக்கு எடுத்துப்போங்கள்.

‘ஷட் டவுன்’ செய்து மறுபடி ஆன் செய்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்பது தப்பு! ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ இயங்கும் மெஷினில் கெர்னலின் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வரும். குழம்பிய டிரைவரும் கூடவே வரும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் முழுசாகப் புதிதாகத் தொடங்கும்.

1998 ஏப்ரல் 20, சிகாகோ. காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ் முன்னிலையில் விண்டோஸ் 98-ஐ விளக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஸ்கேனரைச் செருகியதும் பெரிய திரை முழுக்க நீலம்! இன்றைக்கும் முதல் கேள்வி அதுதான்: விழுவதற்கு முன்னால் புதிதாகச் செருகியது எது, புதிதாக ஏற்றியது எது? செருகியதைப் பிடுங்குங்கள். டிரைவர் என்றால் ‘ரோல் பேக்’ செய்யுங்கள்.

பாட்டு கேட்டு லேப்டாப் விழுமா? விழுந்திருக்கிறது. ஜேனட் ஜாக்சனின் ‘ரிதம் நேஷன்’ பாடல் சில பழைய லேப்டாப்களில் இருந்த, நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்கின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போய், அதை நிலைகுலைய வைத்தது. பக்கத்து லேப்டாப்பில் பாடினாலும் இது விழுந்ததாம். மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2022-ல் இதை எழுதிய பிறகு, பாதுகாப்புக் குறைபாடுகளின் பட்டியலில் இதற்கு ஓர் எண்ணே கொடுத்துவிட்டார்கள்.

2024 ஜூலை 19 காலையில் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்தான் காரணம். 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றார்கள், ஆனால் அதற்குள் போனது போனதுதான். இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வைத்தியமோ மிகச் சின்னது: ‘சேஃப் மோட்’ போய் ஒரே ஒரு ஃபைலை அழித்து ரீஸ்டார்ட் செய்தால் போதும். ஆனால் பல இடங்களில் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் ஓர் ஆள் உட்கார வேண்டியிருந்தது. பிட்லாக்கர் பூட்டு இருந்த கணினிகள் 48 இலக்க மீட்புச் சாவியையும் கேட்டன.

உங்கள் லேப்டாப்பிலும் அந்தப் பூட்டு இருக்கலாம்; புதிய விண்டோஸ் 11 பல மெஷின்களில் கேட்காமலே போட்டுவிடுகிறது. சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றே பார்த்து, ஒரு தாளில் எழுதிவையுங்கள். அது இல்லாவிட்டால் எந்தச் சர்வீஸ் கடையாலும் உங்கள் படங்களை மீட்டுத் தர முடியாது.

விண்டோஸ் ஏறவே இல்லையா? தொடக்கம் சில தடவை தோற்றால் மீட்புத் திரை தானாக வரும். அதில் ‘ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்’ வழியாக 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். அங்கே நன்றாக ஓடினால் பெரும்பாலும் டிரைவரோ புது மென்பொருளோதான் குற்றவாளி. முதல் வேலையாக முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள்.

நீலத் திரையில் போன் நம்பர் இருந்தால் அது போலி. மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் வராது. பிரவுசரில் திறந்து, அலறும் சத்தத்தோடு ‘உடனே அழையுங்கள்’ என்று மிரட்டும் பக்கம் அது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடிவிடுங்கள். ஏற்கெனவே அழைத்துப் பணத்தையும் கொடுத்துவிட்டவர்கள் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் புகார் சொல்ல வேண்டும்.