உடலின் கடிகாரமும் அறுவைச் சிகிச்சையும்

டெல்லியிலோ மும்பையிலோ நம்மவர் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை என்று முடிவானால், 'இராகு காலம் கழித்து வைத்துக்கொள்ளலாகாதா?' என்று மனத்துள் கேட்டுக்கொள்கிறோம்; அவ்வூர் மருத்துவரிடம் கேட்கத்தான் கூசுகிறோம். பஞ்சாங்கத்தோடு வழக்காட நாம் இங்கு வரவில்லை. ஆயினும் உடலுக்குள்ளேயே ஒரு நாழிகைக் கணக்கு உண்டு. பழ ஈக்களைக் கொண்டு அதன் நுட்பத்தை ஆராய்ந்த ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகிய மூவரும் 2017-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

சிறுநீரகங்களின்மேல் குல்லாய்போல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்திருக்கும் இது, வைகறையில் ஏறி, கண்விழிக்கும் வேளையில் உச்சமடைந்து, பகலில் படிப்படியாக இறங்கும். இராப்பணி செய்வோரிடம் இவ்வொழுங்கு குலைவதுண்டு.

அறுவையை உடல் ஒரு காயமென்றே கொள்கிறது. மயக்க மருந்தினால் நாம் வலியறியோம், உடல் அறியும். கார்டிசாலும் அட்ரினலினும் பெருகும். இரத்தத்தில் சர்க்கரை உயரும். சில மணி நேரத்தில் இண்டர்லூகின்-6 என்னும் பொருள் மிகும். அதன் ஏவலால் கல்லீரல் உண்டாக்கும் சி-ரியாக்டிவ் புரதம் இரண்டு மூன்று நாளில் உச்சத்தை எட்டும். இதுவே அழற்சி. புண் ஆற இது வேண்டும். அளவு கடந்தால் தீங்கு. அதைக் கட்டுக்குள் வைப்பதும் கார்டிசாலின் வேலையே. ஆதலின், காலை எட்டு மணிக் கத்தியும் பகல் இரண்டு மணிக் கத்தியும் உடலுக்கு ஒன்றுதானா என்னும் வினா எழுகிறது.

பிரான்சின் லீல் நகர மருத்துவர்கள் 2017-இல் ஒரு விடை வெளியிட்டனர். இதயத்தின் பெருந்தமனி வால்வை மாற்றிக்கொண்ட 596 பேரில் பாதிப்பேர் காலையிலும் பாதிப்பேர் பிற்பகலிலும் சிகிச்சை பெற்றவர்கள். 500 நாட்கள் கவனித்ததில், பிற்பகலினரிடையே கடுமையான இதயக் கோளாறுகள் ஏறக்குறைய பாதியாகவே இருந்தன. காரணத்தை அவர்கள் கார்டிசாலில் அன்று, இதயத் தசையின் அணுக்களிலேயே ஓடும் கடிகாரத்தில் கண்டனர். ஆனால் பின்னர் வேறு மருத்துவமனைகளில் செய்த ஆய்வுகள் எல்லாம் இதனை உறுதிசெய்யவில்லை. பெரிய அறுவையில் பொங்கும் ஹார்மோன் வெள்ளத்திலே நாளின் ஏற்றத்தாழ்வு மூழ்கிவிடுவதும் உண்டு.

எனவே வேளையை எண்ணி நாளைத் தள்ளிப்போடுதல் தகாது. வெடித்த குடல்வால் பிற்பகலுக்காகக் காத்திராது. இன்சுலின் போட்டுக்கொள்வோரை, நெடும் பட்டினி கூடாதென்று, காலையில் முதலாவதாக எடுப்பதே பெரும்பாலும் வழக்கம். மணியைவிடத் தலையாய செய்தி ஒன்றுண்டு: ஊரிலுள்ள மருத்துவர் எழுதித்தந்த ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உண்பவரின் அட்ரினல் சுரப்பி, வேண்டிய நேரத்தில் கார்டிசாலைப் பெருக்க மாட்டாது இரத்த அழுத்தம் சரிய இடந்தரும். தமிழில் எழுதிய சீட்டாயினும் அதை எடுத்துச் சென்று, மயக்க மருந்து தருபவருக்கு மாத்திரையின் பெயரைப் படித்துச் சொல்லிவிட வேண்டும்.