சக்கரத்தின் மேல் ஒரு வீடு

“சிறுகக் கட்டிப் பெருக வாழ்” என்பது நம் முன்னோர் மொழி. வீடு கட்டுவோர்க்குச் சொல்லப்பட்ட இம்மொழி, வீட்டையே ஒரு வண்டிக்குள் கட்டுவோர்க்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். சரக்கு ஏற்றும் வேன் ஒன்றை வாங்கி, அதனுள் படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, கணிப்பொறி வைத்து வேலை செய்ய ஒரு மேசை ஆகியவற்றை அமைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று வாழ்வோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் உள்ளனர். 2020ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தில் அலுவலக வேலை வீட்டுக்கு வந்தது. வீட்டுக்கு வந்த வேலை பிறகு வண்டியிலும் ஏறிக்கொண்டது.

இவ்வண்டிகளைப் படங்களில் காணும்போது கண்ணைக் கவர்வன, பின்னால் தெரியும் மலையும் கடலுமே. இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது வேறு. எடை, மின்சாரம், வெப்பம், காற்று ஆகிய நான்குக்கும் கணக்குப் பார்க்காதவர் இவ்வண்டியில் ஓர் இரவு தங்கலாம், வாழ முடியாது. அக்கணக்கை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோடிகள்

வண்டியில் வாழ்வது புதிதன்று. ஆனால் வீட்டோடு வேலையையும் ஏற்றிச் சென்றவர் என்று பார்த்தால், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் முன்னே நிற்கிறார். கடற்படை மருத்துவராக இருந்து எழுத்தாளரானவர் அவர். 1885இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தமக்கென ஒரு பயண வண்டியைச் செய்வித்து, அதற்கு ‘வாண்டரர்’ என்று பெயரிட்டார். ஏறத்தாழ 2 டன் எடையுள்ள அவ்வண்டியை இரண்டு குதிரைகள் இழுத்தன. அதில் ஸ்காட்லாந்து வரை பயணம் செய்து, மறு ஆண்டே அப்பயணத்தை நூலாக வெளியிட்டார்.

மோட்டார் காலத்தில் இதனை எளியவர்க்கும் எட்டச் செய்தது ஜெர்மனி. அங்கு ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1950இல் ஒரு சிறு வேனைத் தயாரிக்கத் தொடங்கியது. 1951இல் வெஸ்ட்ஃபாலியா என்னும் நிறுவனம் அவ்வேனுக்குள் பொருந்தும் அறைகலன்களைச் செய்து விற்றது. வேலை நாளில் சரக்கு வண்டி, விடுமுறை நாளில் வீடு என்னும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

கணிப்பொறியைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் பயன்படுத்தியது வேனும் அன்று, சைக்கிள்! 1983இல் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலிருந்து, சாய்ந்தவாறு மிதிக்கும் சைக்கிளில் அவர் புறப்பட்டார். சைக்கிளில் சூரிய மின்தகடு. பையில் அவ்வாண்டு வெளிவந்த டி.ஆர்.எஸ்.-80 மாடல் 100 என்னும் சிறு கணிப்பொறி. அதன் திரையில் 8 வரிகள், வரிக்கு 40 எழுத்துகள் மட்டுமே. நான்கு பேனா பாட்டரிகள் அதற்குப் போதும். வழியெல்லாம் எழுதி, தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்பிப் பிழைத்தார். பின்னாளில் அவர் அமைத்த ‘பெஹெமத்’ என்னும் சைக்கிளில் கருவிகள் பெருகி, எடை 580 பவுண்டு, அதாவது 260 கிலோவுக்கு மேல் ஆயிற்று. கருவி கூடக் கூட, அதைச் சுமக்கும் ஆற்றலும் கூட வேண்டும் என்பதற்கு இந்த ஒரு சைக்கிளே சான்று.

வண்டியும் எடையும்

ஐரோப்பாவில் இப்பணிக்குப் பெரிதும் எடுத்துக்கொள்ளப்படுவது 1981இல் அறிமுகமான ஃபியாட் டுகாட்டோ வேன். அதன் உள் அகலம் சுமார் 1.87 மீட்டர். ஆகவே நடுத்தர உயரமுள்ளவர் குறுக்கே படுத்து உறங்கலாம். குறுக்கே படுத்தால் நீளத்தில் அரை மீட்டருக்கு மேல் மிச்சமாகும். அந்த மிச்சத்தில்தான் மேசை பிறக்கிறது.

சாதாரண ஓட்டுநர் உரிமத்துக்குரிய 3,500 கிலோ வரம்பை மனத்தில் கொண்டே அங்கு இவ்வண்டிகள் பெரும்பாலும் அமைக்கப்பட்டு வந்துள்ளன. வெற்று வேனே ஏறத்தாழ 2,000 கிலோ. எஞ்சிய 1,500 கிலோவுக்குள் மரப்பலகை, பாட்டரி, தண்ணீர், உடைமை, உள்ளிருக்கும் மனிதர் யாவும் அடங்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ என்பதை நினைவிற் கொண்டால், தொட்டியின் அளவை யாரும் தாராளமாக வைக்க மாட்டார்கள். கனமான பொருள்களைத் தாழ்வாகவும், இரு பக்கமும் சமமாகவும் வைக்க வேண்டும். இல்லையேல் வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு பக்கம் சாயும்.

மின்சாரக் கணக்கு

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். வண்டியில் இருந்து வேலை செய்யும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்? நான் போட்டுப் பார்த்த கணக்கு இது:

மடிக்கணிப்பொறி, 40 வாட், 8 மணி நேரம்: 320 வாட்-மணி
இரண்டாம் திரை, 20 வாட், 8 மணி: 160
சிறிய குளிர்பதனப் பெட்டி, நாள் முழுவதும்: 400
காற்றோட்ட விசிறி, 20 வாட், 10 மணி: 200
இணையத் தொடர்புக் கருவி, 10 வாட், 10 மணி: 100
விளக்குகள், 10 வாட், 5 மணி: 50
கைப்பேசி, தண்ணீர் பம்பு முதலியன: 50

கூட்டினால் 1,280 வாட்-மணி. நம் வீட்டு மின்கணக்கில் இது ஏறத்தாழ ஒன்றேகால் யூனிட். குளிரூட்டும் இயந்திரம் ஓடும் வீட்டில் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடக்கூடிய அளவு இது. வண்டியிலோ இது ஒரு முழு நாள் வாழ்வு!

இப்போது வழக்கத்திலுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி ஒன்று, 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்டது. இரண்டையும் பெருக்கினால் அதே 1,280 வாட்-மணி. ஆகவே ஒரு பாட்டரி ஒரு நாளைக்குச் சரியாகிறது. மேகம் மூடிய மறுநாளுக்காக இன்னொன்று வேண்டும். பழைய ஈய அமிலப் பாட்டரியானால் கொள்ளளவில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். எனவே இரண்டுக்குப் பதில் நான்கு வேண்டும். ஒவ்வொன்றும் 25 கிலோவுக்கு மேல் என்பதால் மின்சாரக் கணக்கு உடனே எடைக் கணக்காகிவிடுகிறது.

கூரையில் 400 வாட் சூரிய மின்தகடு பொருத்தினால், நல்ல வெயிலுள்ள இடத்தில் 5 மணி நேர முழு வெயிலுக்கு ஈடாக 2,000 வாட்-மணி வர வேண்டும். தட்டையாகக் கிடப்பது, தூசி, சூடு ஆகியவற்றால் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்து 1,400 அளவில் கைக்கு வரும். செலவுக்கு வரவு சரியாயிற்று. ஆனால் ஜெர்மனியின் டிசம்பர் மாதத்தில் ஒரு மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளி கிடைப்பதும் அரிது. அப்போது இன்ஜின் ஓடும்போது உண்டாகும் மின்சாரத்தில் ஒரு பகுதியை இந்தப் பாட்டரிக்குத் திருப்பிவிடுவர். 30 ஆம்பியர் வீதம் இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஏறக்குறைய 770 வாட்-மணி சேரும்.

இங்கு ஒரு சிறு கேள்வி. 1 லிட்டர் தண்ணீரை 25 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு ஆற்றல் வேண்டும்? 4,186ஐ 75ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3,14,000 ஜூல். அதாவது 87 வாட்-மணி. தேநீருக்காக ஒரு லிட்டர் கொதிக்கவைக்கும் மின்சாரத்தில் மேற்சொன்ன மடிக்கணிப்பொறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும்! சிந்திக்கும் கருவிக்கு ஆகும் ஆற்றல் சிறிது. சூடாக்கும் கருவிக்கு ஆகும் ஆற்றல் பெரிது. அதனால்தான் வண்டியில் சமையலுக்கு எரிவாயுவையும், குளிர்காய டீசல் அடுப்பையும் பலர் நாடுகின்றனர்.

கம்பியின் கனம்

வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் கூடும் என்பது நாம் முதலாண்டில் படித்த பாடம். 1,200 வாட் கருவி ஒன்று 240 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும். 12 வோல்ட்டிலோ 100 ஆம்பியர். மின்னோட்டம் 20 மடங்கு. கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அதே கம்பியில் 400 மடங்கு வெப்பம்! வீட்டுச் சுவரில் ஓடும் மெல்லிய கம்பியை அவ்வாறே பாட்டரிக்கும் போட்டால், உறை உருகி மரப்பலகை தீப்பற்றும். எனவே விரல் பருமனுள்ள செப்புக் கம்பியும், பாட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூசும் தவறாமல் வேண்டும். கணிப்பொறிக்கு 240 வோல்ட்டாக மாற்றி மீண்டும் இறக்குவதைவிட, பாட்டரியின் நேர்மின்சாரத்திலிருந்தே மின்னேற்றுவது சிக்கனம். இரு முறை மாற்றுவதால் வரும் இழப்பு மிச்சமாகும்.

வெப்பமும் காற்றும்

வேனின் உடல் இரும்புத் தகடு. வெயிலில் அடுப்பாகும், குளிரில் பனிக்கட்டியாகும். ஆகவே உட்புறம் முழுவதும் வெப்பம் கடத்தாப் பொருளால் மூடுகின்றனர். அதனினும் நுட்பமான பகை ஈரம். உறங்கும் மனிதனின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் வெளியேறும் நீராவி குளிர்ந்த தகட்டில் பட்டு நீராக வடியும். நாளடைவில் தகடு துருப்பிடிக்கும், மரம் பூஞ்சணம் பூக்கும், கணிப்பொறியும் கெடும். கூரையில் ஒரு விசிறி வைத்து ஈரக்காற்றை வெளியேற்றுவதே மருந்து. அடைத்த வண்டிக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரக்கூடும். நிறமும் மணமும் இல்லாத அவ்வாயு உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். அதை அறிந்து ஒலி எழுப்பும் கருவியின் விலை சிறிது. அது காப்பது பெரிது.

சட்டம் சொல்வது

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, ஒரு வண்டி பயண வீடாகக் கருதப்பட இருக்கையும் மேசையும், உறங்குமிடம், சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகிய நான்கும் உள்ளே இருக்க வேண்டும். மேசையையும் சட்டமே கேட்கிறது! நம் நாட்டிலோ 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் அமைத்ததிலிருந்து மாறுபடுமாறு வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எனவே இங்கு யாரேனும் முயல்வதானால், ரம்பத்தைத் தொடுமுன் பதிவு அலுவலகத்தைக் கேட்பதே முறை.

விருப்பமும் கட்டாயமும்

இக்கணக்குகளையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படும் செய்தி ஒன்று உண்டு. இவ்வண்டிகளில் வாழ்வோர் எல்லாரும் ஊர் பார்க்கப் புறப்பட்டவர் அல்லர். 2008ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அமெரிக்காவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர், வேன்களில் குடியேறிப் பருவத்துக்கேற்பக் கூலி வேலை தேடி அலைந்தனர். அவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017இல் ‘நோமட்லேண்ட்’ என்ற நூலை எழுதினார். அதைத் தழுவி 2020இல் வந்த திரைப்படம் மறு ஆண்டு ஆஸ்கார் விழாவில் சிறந்த படத்துக்கான பரிசு பெற்றது.

அதே வேன், அதே படுக்கை, அதே பாட்டரி. நாளைக்கே விட்டுவிட்டு வீடு திரும்பக்கூடியவருக்கு அது பயணம்; திரும்ப வீடில்லாதவருக்கு அது வறுமை. இந்த வேறுபாட்டை எந்த மின் அளவியும் காட்டாது. இவ்வண்டிகளைப் புகழ்ந்து எழுதுவோர் இதனை மறந்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

எனினும் இக்கலையில் நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. நம் வீட்டில் விசையைத் தட்டினால் விளக்கு எரிகிறது. அந்த மின்சாரம் எந்த அணையில், எந்த நிலக்கரியில் பிறந்தது என்று நாம் எண்ணுவதில்லை. வண்டியில் வாழ்பவர் ஒவ்வொரு வாட்டையும் ஒவ்வொரு குவளை நீரையும் எண்ணியே செலவிடுகிறார். நண்பர்களே, இவ்வாண்டு நம் விடுதி அறையின் மின்செலவை ஒரு நாள் இவ்வாறு பட்டியலிட்டுப் பாருங்கள். வேன் எதுவும் வேண்டியதில்லை; ஒரு தாளும் பென்சிலும் போதும்.