'செ' ஓர் எழுத்தா, இரண்டா? கணினி மொழிகளில் தமிழ் எதிர்கொள்ளும் சிக்கல்

மும்பை: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். இவர்களில் ஒருவர் 'செல்வி' என்ற பெயரைத் தமிழிலேயே ஒரு செயலியில் பதிவு செய்வதாகக் கொள்வோம். நம் கண்ணுக்கு அது மூன்றெழுத்துப் பெயர். கணினிக்கோ அப்படியல்ல.

எண்ணிக்கை எங்கே மாறுகிறது?

யூனிகோட் முறையில் 'செ' என்பது சகரமும் எகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். எனவே 'செல்வி' ஆறு குறியீடுகளாகிறது. யுடிஎஃப்-8 வடிவில் சேமிக்கும்போது ஒவ்வொன்றும் 3 பைட் என மொத்தம் 18 பைட் தேவைப்படுகிறது. பெயருக்கு 10 பைட் மட்டுமே ஒதுக்கிய மென்பொருள் அதை வெட்டினால், 'செல' என்பதுடன் பொருளற்ற ஒரு குறியும் எஞ்சும். ஆவணங்களில் பெயர் ஒன்றுபோல் இருக்க வேண்டிய இடத்தில் இது சிறிய பிழையன்று.

மொழிகளின் அணுகுமுறை

1970-களில் உருவான 'சி' மொழியில் எழுத்து என்றால் ஒரு பைட். ஜாவாவில் அது 16 பிட். 'கோ' மொழியில் ஒரு யூனிகோட் குறியீடு. ஆகவே 'செ' என்பதை எழுத்து மாறிலியாகக் கொடுத்தால் இவ்விரு மொழிகளும் பிழை காட்டும். ஸ்விஃப்ட் மொழியோ மனிதர் காணும் எழுத்தையே அலகாகக் கொள்வதால் 'செ'யை ஓரெழுத்தாக ஏற்கிறது.

வட்டார அமைப்பு ஏன் தேவை?

வரிசைப்படுத்தலிலும் இதே சிக்கல் உண்டு. அகரவரிசையில் இறுதி மெய்யான னகரம், யூனிகோட் அட்டவணையில் நகரத்தை அடுத்து வருகிறது. குறியீட்டு எண்படி மட்டும் அடுக்கினால் பெயர்ப் பட்டியல் குழம்பும். இதைச் சரிசெய்யும் மொழிவாரி விதிகளே 'லோகேல்' எனப்படும் வட்டார அமைப்பில் அடங்கியுள்ளன. 'சி' மொழிக்கான 1989-ஆம் ஆண்டுத் தரத்திலேயே இவ்வமைப்பு இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது.

பத்து லட்சத்தை 10,00,000 என எழுதுவதா, 1,000,000 என எழுதுவதா என்பதையும் இதுவே தீர்மானிக்கிறது. யூனிகோட் அமைப்பின் வட்டாரத் தரவுகளின்படி, மராத்திக்கு தேவநாகரி எண்களும் தமிழுக்கு 1, 2, 3 என்ற எண்களும் இயல்புநிலையாக உள்ளன. எனவே மும்பை போன்ற பன்மொழி நகரில், ஊரை வைத்து மொழியை முடிவு செய்யாமல், பயனர் தேர்ந்தெடுத்த மொழியையே மென்பொருள் பின்பற்ற வேண்டும்.

பைட்டை அல்ல, எழுத்தை எண்ணுவது. எழுத்தின் நடுவே வெட்டாதிருப்பது. வரிசைக்கு மொழி விதியை நாடுவது: இம்மூன்றையும் வடிவமைப்பிலேயே கடைப்பிடித்தால் 'செல்வி' எங்கும் 'செல்வி'யாகவே இருப்பார்.