கோடையில் திறக்கும், மழையில் மூடும்

சங்கரன்கோவில் வாசகர் ஒருவர் கேட்கிறார்: ‘வீடு கட்டிப் பத்து வருஷம்கூட ஆகவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக விரிசல். பக்கத்துத் தறிக்கூடத்தின் அதிர்வுதான் காரணம் என்கிறார்கள். நானோ பசையை ஊசி போட்டு ஏற்றினால் ஆயுசுக்கும் விரியாது என்கிறார் ஒருவர். நம்பலாமா?’

முதலில் தறியைப் பார்ப்போம். வைகாசியில் விரல்நுனி நுழையும் விரிசல், கார்த்திகையில் நூலளவு ஒடுங்குகிறதா? ஒடுங்கினால் தறியை விட்டுவிடலாம். அது வருஷம் முழுக்க ஒரே மாதிரிதான் ஓடுகிறது. பருவம் பார்த்து நடப்பது அஸ்திவாரத்துக்குக் கீழே இருக்கும் மண். மேற்கே புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை விளையும் செம்மண். கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் என்று போகப் போகக் கரிசல். கேள்வி கேட்டவர் வீடு எந்தப் பக்கம் என்று ஊகிக்கலாம்.

கரிசலில் மிகுந்திருக்கும் களிமண் கனிமம் மான்ட்மோரில்லோனைட். ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. (நானோதான் வேண்டுமென்றால் அது ஏற்கெனவே வீட்டுக்கு அடியில் இலவசமாக இருக்கிறது.) தட்டி இளக்கிய பரோட்டாவில் சால்னாவை ஊற்றினால் இதழ் இதழாக ஊறிப் புடைக்குமே, அப்படித்தான் இதுவும். ஒரு திருத்தம்: சால்னாவை நாம் ஊற்றுகிறோம், களிமண் தானே இழுத்துக்கொள்கிறது. தாளில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மெக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் நேர்மின்னூட்டம் குறைந்துபோகிறது. அதை ஈடுகட்ட இதழ்களுக்கு நடுவே சோடியம், கால்சியம் அயனிகள் வந்து சேர்கின்றன. பரோட்டாவுக்குள் தூவிய உப்பு என்று வையுங்கள். அந்த உப்புதான் தண்ணீரைக் கூப்பிடுகிறது. நீர் ஒரு வரிசையாக நுழைந்தால் ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கான தூரம் சுமார் 1 நானோமீட்டரிலிருந்து 1.25 ஆகிறது, இரண்டு வரிசை நுழைந்தால் 1.55. செம்மண்ணில் இருக்கும் கயோலினைட்டோ விருதுநகர் எண்ணெய் பரோட்டா. ஹைட்ரஜன் பிணைப்பு இதழ்களை ஒட்டிவைத்திருப்பதால் ஊற்றியது தட்டோடு போய்விடும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல் காடு? அது கொத்து பரோட்டா. ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தால் எனக்கே பசிக்கும்.

இந்தப் புடைப்பின் பலம் சாதாரணமானதல்ல. ஒற்றை மாடி வீட்டின் அஸ்திவாரம் மண்மேல் இறக்கும் எடை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 டன். சில கரிசல் மண் நனையும்போது 20 டன்னுக்கு மேலும் எதிர்த்துத் தள்ளும். வீட்டையே தூக்கிவிடும். தூக்குவதில்கூடத் தப்பில்லை, நாலு மூலையையும் நடுவையும் ஒரே அளவு தூக்கி ஒரே அளவு இறக்கினால் வீட்டுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் தரை போட்டு மூடிய நடுப்பகுதியில் ஈரம் ஆவியாக வழியில்லை. வெளி ஓரம்தான் கோடையில் காய்ந்து சுருங்கும். நடு நிற்க மூலை தாழ்ந்தால், அழுத்தத்தைத் தாங்கும் செங்கல் சுவர் இழுவையைத் தாங்காமல் பிளக்கிறது. பிளவு மேலே அகலம், கீழே குறுகல் என்றால் மூலை இறங்கியிருக்கிறது என்று பொருள். கீழே அகலமென்றால் ஓரம் மேலே எழும்பியிருக்கக்கூடும். குளியலறைக் குழாய் கசிகிறதா என்று பாருங்கள்.

வரலாறு இல்லாமல் அறிவியல் கட்டுரையை முடிக்க விடமாட்டார்கள். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், கீழே குமிழ் போல விரிந்த ‘அண்டர்ரீம்டு பைல்’ அஸ்திவாரத்தைக் கரிசலுக்காக வளர்த்தெடுத்தது. குமிழின் விட்டம் தண்டைப்போல இரண்டரை மடங்கு. ஈரம் பருவத்துக்குப் பருவம் மாறாத ஆழத்துக்கு, குறைந்தது மூன்றரை மீட்டராவது, இறங்கி அது பிடித்துக்கொள்ளும். புது வீட்டுக்கு நல்ல யோசனை. கட்டி முடித்த வீட்டுக்காரருக்கு இதனால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

அவருக்கான வைத்தியம் சுவரில் தொடங்குவதில்லை. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் ஒட்டித் தேதி எழுதுங்கள். உடைந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது. அடுத்து, மண்ணின் ஈரத்தை மாறாமல் வைக்க வேண்டும். வீட்டைச் சுற்றி இரண்டு மீட்டர் அகலத்துக்கு நீர் இறங்காத தளம் வெளிப்புறம் சரிவாக. கூரைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் குழாய் வழியே தூரமாக. சுவரை ஒட்டிப் பெரிய வேம்பு வேண்டாம். கரிசலைத் தோண்டி ஆற்று மணலை நிரப்புவது பழைய வழக்கம்தான். ஆனால் மழைநீர் அந்த மணலில் குளம்போலத் தேங்கி, பக்கத்துக் களிமண்ணுக்கு நிதானமாக ஊட்டிவிடும்.

மண் அடங்கிய பிறகுதான் தையல். சில வரிசைகளுக்கு ஒருமுறை செங்கல் இடுக்குக் கலவையைச் சுரண்டி, விரிசலுக்கு இருபுறமும் அரை மீட்டர் நீளுமாறு முறுக்கிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் பதித்துச் சுருங்காத கலவையால் மூடுவார்கள். செங்கல்லுக்கு இல்லாத இழுவைத் தாங்குதலைக் கம்பி தருகிறது. இந்த வரிசையை மாற்றி முதலிலேயே பசை ஏற்றினால் என்ன ஆகும்? பசை செங்கல்லைவிட உறுதியாக இருக்கும். விற்பவர் சொல்வதில் அந்த வரை பொய் இல்லை. அதனால்தான் அடுத்த கோடையில் பழைய இடத்தை விட்டுவிட்டு அரை அடி தள்ளிச் சுவர் விரியும். ஆயுள் உத்தரவாதம் பசைக்குத்தான், சுவருக்கு அல்ல.

ஆகவே ஒரு மழையும் ஒரு கோடையும் பொறுத்துப் பார்க்கலாம். இரண்டு இடங்களில் மட்டும் பொறுக்கக் கூடாது. தூண், உத்தரத்தில் கம்பி ஓடும் திசையிலேயே கீறல் விழுந்து துருக்கறை தெரிந்தால் அது வேறு நோய். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்டுக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கையில் சுவர் வெளியே சாய்ந்திருந்தாலும் அப்படித்தான். அங்கே முட்டுக் கொடுத்துவிட்டு அன்றைக்கே கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.