புதிய இன்ஜினும் பழைய படகும்: தண்ணீர் கேட்கும் கணக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் டேனரிக்குள் போய் வந்தவர்களுக்கு மர டிரம் பழகிய பொருள். ஆள் உயரத்தைத் தாண்டிய அந்த டிரம், தோலையும் தண்ணீரையும் ரசாயனத்தையும் சுமந்துகொண்டு நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சுற்றுதான் சுற்றும். அதை ஓட்டும் மின்மோட்டாரோ நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று சுற்றக்கூடியது. நடுவில் இருக்கும் பெல்ட்டும் பல்சக்கரங்களும் வேகத்தைக் குறைத்து, முறுக்குவிசையைக் கூட்டித் தருகின்றன. மோட்டார் எரிந்துபோனால் கைக்குக் கிடைத்த இன்னொன்றை அப்படியே மாட்ட முடியாது. மோட்டாரின் சுற்று, புல்லியின் விட்டம், டிரம்மின் சுமை மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

மீன்பிடி விசைப்படகுக்கு இன்ஜின் மாற்றும்போதும் இதே பொருத்தம்தான் பிரச்சினை. ஆனால் படகில் சுமையாக இருப்பது தண்ணீர். சுற்று கூடக்கூட அது இன்ஜினிடம் கேட்கும் திறன் மிக வேகமாக ஏறும். அந்த ஏற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் இன்ஜினின் குதிரைத்திறனை மட்டும் பார்த்து முடிவெடுப்பதால்தான் நம் கடற்கரையில் நிறைய டீசல் வீணாகிறது.

தடைக்காலத்து வேலை

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத இந்த நாட்களில்தான் காசிமேடு, நாகப்பட்டினம், ராமேசுவரம், தூத்துக்குடி என எங்கும் பழுதுபார்க்கும் வேலை மும்முரமாக நடக்கும். படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, வர்ணம் பூசி, தேவைப்பட்டால் இன்ஜினையும் தூக்கிவிட்டு வேறொன்றை இறக்குவார்கள்.

இந்தப் படகுகளில் இன்ஜின் உள்ளே, அடித்தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து கியர் பாக்ஸ், கப்ளிங், நீண்ட ஷாஃப்ட், கடைசியில் தண்ணீருக்குள் புரொப்பெல்லர். பல படகுகளில் இருப்பது லாரிக்கும் பேருந்துக்கும் பிறந்த இன்ஜின்தான். எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனத்தின் இன்ஜின்கள் சாலையில் ஓடியதைப் போலவே கடலிலும் ஓடியிருக்கின்றன. ஆனால் லாரிக்கு மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. சமதளத்தில் அதன் இன்ஜின் முழுத் திறனில் ஒரு பங்கைத்தான் கொடுக்கிறது. வலையிழுக்கும் படகில் இறக்கம் என்று எதுவும் இல்லை. மணிக்கணக்காக ஒரே கனத்த சுமை.

மும்மடி விதி

புரொப்பெல்லரைச் சுழற்றத் தேவையான திறன், ஏறத்தாழ சுற்று வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 2,000 சுற்றில் 200 குதிரைத்திறன் கேட்கும் புரொப்பெல்லர், பாதிச் சுற்றான 1,000இல் எட்டில் ஒரு பங்கான 25ஐத்தான் கேட்கும். 1,600 சுற்றில் அது சுமார் 102. கடைசி 400 சுற்றுக்கு மட்டும் இன்னொரு 98 குதிரைத்திறன் போகிறது.

ஒரு படகில் 1,800 சுற்றில் 120 குதிரைத்திறன் தரும் பழைய இன்ஜின் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்துவிட்டு 2,200 சுற்றில் 200 குதிரைத்திறன் தரும் புதியதை இறக்குகிறார் உரிமையாளர். கியர் பாக்ஸும் புரொப்பெல்லரும் பழையவையே. 1,800 சுற்றில் 120 கேட்ட அதே புரொப்பெல்லர், 2,200 சுற்றில் 219 குதிரைத்திறன் கேட்கும். இன்ஜினிடம் இருப்பதோ 200. ஆகவே அது தன் உரிய சுற்றை எட்டவே எட்டாது. சுற்று குறைவதை உணர்ந்து பம்ப் மேலும் மேலும் டீசலைச் செலுத்தும். முழுதாக எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறும். புகைவழி வால்வும் பிஸ்டனும் அளவுக்கு மீறிச் சூடேறும். வாங்கிய இன்ஜின் சரியில்லை என்று பழி வரும். கோளாறு உண்மையில் தண்ணீருக்குள் இருக்கும் புரொப்பெல்லரின் அளவில்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. புரொப்பெல்லர் மிகச் சிறியதானால் இன்ஜின் எளிதாக உச்சச் சுற்றைத் தொட்டுவிடும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய திறனில் பெரும்பகுதி தண்ணீரைச் சென்றடையாது.

பெரிய புரொப்பெல்லர், மெதுவான சுற்று

புரொப்பெல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. அந்தத் தள்ளலின் எதிர்விசை படகை முன்னால் நகர்த்துகிறது. குறைந்த தண்ணீரை வேகமாகத் தள்ளியும் ஒரே அளவு உந்துவிசையைப் பெறலாம், நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளியும் பெறலாம். ஆனால் தண்ணீருக்குக் கொடுக்கும் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் செலவாகிறது. எனவே மணிக்கு மூன்று நான்கு கடல்மைல் வேகத்தில் வலையிழுக்கும் படகுக்கு விட்டம் பெரிய, மெதுவாகச் சுற்றும் புரொப்பெல்லரே சிக்கனமானது. அதற்குச் சுற்றைக் குறைக்கும் கியர் பாக்ஸ் வேண்டும். இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ, குறைப்பு விகிதமும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். புரொப்பெல்லரின் விட்டத்துக்குப் படகின் பின்புறத்தில் இருக்கும் இடம்தான் எல்லை. ஆகவே இன்ஜின் வாங்குவதற்கு முன்னால் அளக்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

படகே எழுப்பும் அலை

எவ்வளவு பெரிய இன்ஜின் வைத்தாலும் கனத்த படகுக்கு ஒரு வேக எல்லை உண்டு. நீரைப் பிளந்து செல்லும் படகு, தன் அணியத்தில் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடினால் அந்த அலையின் நீளமும் கூடும். அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டும்போது, படகு தானே எழுப்பிய அலையின் சரிவில் ஏற வேண்டியிருக்கிறது. நீர்மட்டத்தில் 16 மீட்டர் நீளமுள்ள படகுக்கு இந்த எல்லை மணிக்குச் சுமார் 9.7 கடல்மைல், அதாவது 18 கிலோமீட்டர். இதை நெருங்கியபின் ஒவ்வொரு சிறு வேகத்துக்கும் எரிபொருள் தாறுமாறாகக் கூடும். 1872இல் இங்கிலாந்தின் டார்க்கீயில் சோதனைத் தொட்டி கட்டி, சிறிய மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்த வில்லியம் ஃபுரூட், இந்த அலைத் தடையை அளக்கும் வழியை உலகுக்குத் தந்தார்.

தண்ணீரின் மேல் எழும்பி வழுக்கிச் செல்லும் படகுகளை இந்த எல்லை கட்டுப்படுத்தாது. 1922இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ரால்ஃப் சாமுவெல்சன் தொடங்கிவைத்த நீர்ச்சறுக்கு விளையாட்டுக்கான படகு அந்த வகை. ஆண்களுக்கான போட்டிகளில் அது மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தில் வீரரை இழுக்கிறது. அங்கே சிறிய புரொப்பெல்லர் வேகமாகச் சுழல்வதே சரி. பழைய நீர்ச்சறுக்குப் படகுகள் பலவற்றில் 5.8 லிட்டர் ஃபோர்டு கார் இன்ஜின் படகின் நடுவில் அமர்ந்திருக்கும். அந்தக் குடும்ப இன்ஜின்கள் நின்றுபோனதால் அவற்றின் உரிமையாளர்களும் இன்று இதே மாற்று வேலையில் இறங்குகிறார்கள். புதிய இன்ஜின் சுழலும் திசை மாறினால் புரொப்பெல்லரையும் மாற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தங்கிவிடும். எனவே காரின் ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் அங்கே ஆபத்து. தீப்பொறி வெளியே வராதபடி அடைக்கப்பட்ட கடல்வகைப் பாகங்களே பொருத்தப்பட வேண்டும்.

தலைமுடி அளவுத் துல்லியம்

இன்ஜினை இறக்கியபின் கியர் பாக்ஸின் கப்ளிங்கும் ஷாஃப்டின் கப்ளிங்கும் நேருக்கு நேர் பொருந்த வேண்டும். ஃபீலர் கேஜ் கொண்டு சுற்றிலும் நான்கு இடங்களில் இடைவெளியைப் பார்ப்பார்கள். நீர்ச்சறுக்குப் படகுகளில் அனுமதிக்கப்படும் வேறுபாடு சுமார் 0.08 மில்லிமீட்டர், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன். அதைத் தாண்டினால் அதிர்வு வரும், பேரிங் தேயும், ஷாஃப்டே ஒடியலாம். இந்தச் சோதனையைப் படகு மிதக்கும் நிலையில் மறுபடியும் செய்ய வேண்டும். கரையில் முட்டுக்கட்டைகளின் மேல் நிற்கும் படகின் உடல், தண்ணீரில் இறங்கியதும் சற்றே வடிவம் மாறும்.

ஷாஃப்ட் உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் கொழுப்பு ஊறிய கயிற்றுத் திணிப்பு நீரைத் தடுக்கிறது. ஓரிரு சொட்டு கசிவது நல்லது. உராயும் இடத்தை அது குளிர்விக்கும். ரப்பர் வருவதற்கு முன் இப்படி நீரைத் தடுத்த வேலைகளில் தோலுக்குப் பெரிய பங்கு இருந்தது. 1795இல் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற நீரழுத்த எந்திரத்தில் கிண்ண வடிவத் தோல் வளையமே கசிவை நிறுத்தியது. நம் ஊர்க் கைப்பம்புகளின் தோல் வாஷரும் அதே குடும்பம்.

குளிர்விப்பும் மாற வேண்டும். லாரிக்கு எதிர்க்காற்று உண்டு, படகின் இன்ஜின் அறையில் அது இல்லை. கடல்நீரை நேராக இன்ஜினுக்குள் விட்டால் உப்பு படியும், இரும்பு அரிக்கும். ஆகவே இன்ஜினுக்குள் நன்னீர் சுற்ற, வெப்பமாற்றி வழியாக அதன் சூட்டைக் கடல்நீர் வாங்கிச் செல்வதே நல்ல ஏற்பாடு. தான் அரிபட்டு மற்ற உலோகத்தைக் காக்கும் துத்தநாகத் துண்டுகளையும் காலாகாலத்தில் மாற்ற வேண்டும்.

செய்ய வேண்டியது

அதிகத் திறன் என்றால் அதிக மீன் என்ற நம்பிக்கையில் இன்ஜின்கள் பெருத்துக்கொண்டே போனதால்தான், தமிழ்நாட்டின் கடல் மீன்பிடி விதிகள் 240 குதிரைத்திறனை உச்சவரம்பாக வைத்துள்ளன. ஒரு படகு பெரிய வலையை விரைவாக இழுத்தால் பக்கத்துப் படகும் அதையே செய்யும். கடலில் மீன் அதனால் பெருகாது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2016இல் அறிமுகப்படுத்திய ‘சாகர் ஹரிதா’ படகு எரிபொருள் சிக்கனத்தையே குறிக்கோளாகக் கொண்டது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சிறு மீன்பிடிப் படகுகளுக்காக 1999இல் வெளியிட்ட கையேடும், வேகத்தைச் சற்றுக் குறைப்பதே எரிபொருளை மிச்சப்படுத்தும் சிறந்த வழிகளில் ஒன்று என்கிறது.

நம் துறைமுகப் பட்டறைகளில் இருக்கும் கைத்திறன் பெரிது. அதோடு ஒரு சின்னப் பதிவேடு சேர்ந்தால் போதும். புதிய இன்ஜின் இறக்கியதும் பனிக்கட்டியும் டீசலும் நிரப்பிய படகைக் கடலில் முழு வேகத்தில் ஓட்டி, எட்டிய சுற்று, புகைவழி வெப்பம், மணிக்கு ஆன டீசல் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். உரிய சுற்றை எட்டவில்லை என்றால் புரொப்பெல்லரையோ கியர் விகிதத்தையோ திருத்த வேண்டும். இதைச் செய்து காட்ட மீன்வளக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் தடைக்காலத்தில் துறைமுகங்களுக்கு வர வேண்டும். மீனவரின் செலவில் டீசலே பெரிய பங்கு. அதைக் குறைக்கும் அறிவு, கடன் வாங்கிப் பெரிய இன்ஜின் வைப்பதைவிட மலிவானது. படகு பழையதானாலும் அது பயன்படும்.