நடுவயதில் தெரியவரும் ஆட்டிசம்: பெரியவர்களுக்குத் திறக்காத கதவு

ஆட்டிசம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் சமூகத்தின் மனத்தில் எழுவது ஒரு குழந்தையின் உருவமே: பேச்சு தாமதமான, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காத, பொம்மைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தை. ஆனால் ஆட்டிசம் குழந்தைப் பருவத்தோடு விடைபெற்றுக்கொள்ளும் நோயன்று. மூளையும் நரம்பு மண்டலமும் வளரும் முறையிலேயே அமைந்து, பிறந்தது முதல் வாழ்நாள் முழுவதும் ஒருவரோடு இருந்துவரும் தன்மை அது. பிறரோடு பேசிப் பழகும் விதம், முகக்குறிப்பையும் குறிப்புப்பேச்சையும் புரிந்துகொள்ளும் விதம், ஒரே துறையில் ஆழ்ந்துவிடும் ஆர்வம், திட்டமிட்ட ஒழுங்கு குலைந்தால் ஏற்படும் தவிப்பு, ஒலி, ஒளி, மணம், தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் என்று பல கூறுகளில் அது வெளிப்படுகிறது. இக்கூறுகள் ஆளுக்கு ஆள் வேறுபட்ட அளவில் கலந்திருப்பதால்தான் மருத்துவம் இதனை ஒரு நிறமாலையாகக் கருதுகிறது. வாய்ப்பேச்சு வராதவரும் இதில் உண்டு. பட்டம் பெற்று, வேலை பார்த்து, குடும்பம் நடத்தி, நாற்பது வயதுவரை தமக்கு இப்படியொரு தன்மை இருப்பதையே அறியாதவரும் உண்டு. இக்கட்டுரை இரண்டாம் வகையினரைப் பற்றியது.

கேரளத்தின் பொதுமேடையில் இதற்கு மிக நெருக்கமான ஒரு செய்தி 2024 மே மாதத்தில் பேசப்பட்டது. எர்ணாகுளம் மாவட்டம் கோதமங்கலத்தில் உள்ள ‘பீஸ் வேலி’ என்னும் மறுவாழ்வு நிறுவனத்தின் விழாவில் பேசிய நடிகர் ஃபஹத் ஃபாசில், தமக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது 41ஆம் வயதில்தான் கண்டறியப்பட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஏ.டி.எச்.டி. என்பது கவனத்தை ஒருநிலைப்படுத்துவதிலும் உந்துதலைக் கட்டுப்படுத்துவதிலும் சிரமம் தரும் தன்மை. அது ஆட்டிசம் அன்று. எனினும் இரண்டும் நரம்பு வளர்ச்சி சார்ந்த ஒரே தொகுதியைச் சேர்ந்தவை, ஒரே மனிதரிடம் சேர்ந்தே இருப்பதும் மிகச் சாதாரணம். இருந்தும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, இரண்டையும் ஒருவருக்கே சேர்த்துக் குறிப்பிட 2013 வரை இடம் தரவில்லை. ‘விக்ரம்’, ‘மாமன்னன்’ திரைப்படங்கள் வழியாகத் தமிழர் நன்கறிந்த ஒரு கலைஞரே நாற்பதைக் கடந்த பிறகுதான் தம் இயல்பின் காரணத்தை அறிய முடிந்தது என்றால், பெயர் அறியப்படாத எத்தனையோ பேர் அதனை அறியாமலே இருப்பதில் வியப்பில்லை.

அறியப்படாத தலைமுறை

வயதுவந்த பிறகு ஆட்டிசம் கண்டறியப்படுவதைப் புதிய மோகம் என்று கருதுவோர் பலர். மருத்துவ வரலாற்றின் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அக்கருத்து நிற்காது. மாஸ்கோவில் பணியாற்றிய குருன்யா சுகரேவா என்னும் மருத்துவர் 1925இலேயே இத்தன்மை கொண்ட ஆறு சிறுவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். உலகம் அதனைக் கவனிக்கவில்லை. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக நிறுவியது. மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நன்றாகப் பேசத் தெரிந்தும் பழகத் தெரியாத சிறுவர்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார். அந்த ஆய்வை ஆங்கில மருத்துவ உலகத்துக்குப் பரவலாக அறிமுகப்படுத்தியவர் பிரிட்டனின் லோர்னா விங், ஆண்டு 1981. அதன் பிறகும், ‘ஆஸ்பெர்கர் நோய்க்குறி’ என்ற பெயரில் இவ்வகையினர் அமெரிக்கக் கையேட்டில் இடம்பெற 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2013இல் எல்லா வகைகளும் ஆட்டிச நிறமாலை என்னும் ஒரே பெயரின்கீழ் வந்தன.

இனி, 1984இல் கொச்சியின் மட்டாஞ்சேரியில் பிறந்த ஒரு குழந்தையை எண்ணிப் பார்க்கலாம். அக்குழந்தைக்குப் பேச்சு உரிய காலத்தில் வந்தது, பாடத்திலும் தேர்ச்சி இருந்தது என்றால், அதன் பள்ளிப் பருவத்தின் தொடக்க ஆண்டுகளில் அதற்குரிய பெயர் மருத்துவக் கையேடுகளிலேயே இல்லை. இந்தியாவின் 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஆட்டிசத்தைக் குறிப்பிடவே இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டமே முதன்முதலில் அதற்குச் சட்டத்தில் இடமளித்தது. உரிமைகளோடு கூடிய முழு ஏற்பு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது. அதற்குள் அந்தக் குழந்தைக்கு வயது 32. இடைப்பட்ட காலத்தில் ஊர் அதற்கு வேறு பெயர்களை வைத்துவிட்டது: கூச்ச சுபாவி, தலைக்கனம் பிடித்தவர், பிடிவாதக்காரர், ஒட்டாதவர். இந்தப் பெயர்களைத் தாங்கியே ஒரு தலைமுறை வளர்ந்து, தன் குறையெல்லாம் தன் குணத்தின் குறை என்றே நம்பிவிட்டது.

இப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே என்றும் சொல்ல இயலாது. இங்கிலாந்தில் 2007இல் வீடு வீடாக நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்று, வயதுவந்தோரில் ஏறத்தாழ 100 பேருக்கு ஒருவர் ஆட்டிச நிறமாலையில் இருப்பதாகக் கண்டது. வயது ஏற ஏற அந்த விகிதம் குறைவதற்கான சான்று அதில் கிடைக்கவில்லை. குழந்தைகளிடம் எவ்வளவோ, முதியவர்களிடமும் ஏறத்தாழ அவ்வளவே உண்டு. முதியவர்கள் கண்டறியப்படவில்லை என்பதே வேறுபாடு.

மறைத்து வாழ்வதன் விலை

அறிவாற்றல் மிக்க பலர் தம் இயல்பைப் பிறர் கண்ணில் படாமல் மறைக்கக் கற்றுக்கொள்கின்றனர். ஆய்வாளர்கள் இதனை மறைப்பு நடத்தை என்று குறிப்பிட்டு, 2019இல் 25 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலையும் இதற்கென உருவாக்கினர். மட்டாஞ்சேரியின் ஒரு திருமண மண்டபத்தில் இது எவ்வாறு நிகழும் என்று பார்ப்பது பயன்தரும். மேளமும் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று மிஞ்ச, பிரியாணியும் அத்தரும் மல்லிகையும் ஒரே காற்றில் கலந்திருக்க, உறவினர் நான்கு திசையிலிருந்தும் நலம் விசாரிக்கும் அந்த இடத்தில், ஆட்டிசத் தன்மை கொண்ட ஒரு பெண் என்ன பேச வேண்டும் என்று வீட்டிலேயே மூன்று நான்கு வாக்கியங்களை ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறார். எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்ப்பது கடினமாக இருப்பதால் புருவ மத்தியைப் பார்க்கிறார். மற்றவர் சிரித்த பிறகு அரைக்கணம் தாமதித்துத் தாமும் சிரிக்கிறார். அசையத் துடிக்கும் கையை முந்தானைக்குள் மறைத்து, அதன் ஓரத்தை விரலால் உருட்டிக்கொண்டிருக்கிறார். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் இயல்பாகவே தெரிகிறது. வீடு திரும்பியதும் விளக்கை அணைத்துவிட்டு, மறுநாள் முழுவதும் எவரோடும் பேச இயலாமல் கிடக்கிறார். உறவினர் கண்டது முதல் பாதியை மட்டுமே.

பெண்கள் ஆண்களைவிடப் பிந்திக் கண்டறியப்படுவதற்கு இந்த மறைப்பு ஒரு முக்கியக் காரணம். அடக்கமும் அமைதியும் பெண்ணுக்கு அழகென்று போற்றும் சமூகத்தில், பேசாதிருக்கும் சிறுமியை எவரும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில்லை. வளர்ந்த பின் பதற்றநோய், மனச்சோர்வு, எண்ணச் சுழற்சி நோய் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மருந்து கிடைக்கிறது. அவற்றின் அடியில் இருப்பது என்ன என்ற கேள்வி எழாமலே போகிறது. இதன் விளைவு சிறியதன்று. இங்கிலாந்தில் வயதுவந்த பிறகு ஆஸ்பெர்கர் நிலை கண்டறியப்பட்ட 374 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், மூவரில் இருவர் தற்கொலை எண்ணம் தமக்கு வந்ததுண்டு என்று தெரிவித்தனர். காலத்தில் கண்டறிவது உயிர்காக்கும் செயல் என்பதற்கு இதைவிட அழுத்தமான சான்று தேவையில்லை.

அளவுகோல்கள் அளப்பதும் தவறவிடுவதும்

வயதுவந்தோர் பலருக்கு முதல் ஐயம் தம் பிள்ளையின் வழியாகவே எழுகிறது. ஆட்டிசத்தில் மரபின் பங்கு பெரிது. ஐந்து நாடுகளின் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு அதனை 80 விழுக்காடு அளவில் மதிப்பிட்டது. பிள்ளையைப் பரிசோதிக்கும் மருத்துவர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும்போது, அந்த விடைகள் தமக்கும் பொருந்துவதைத் தந்தையோ தாயோ உணர்கின்றனர். அடுத்து அவர்கள் கைக்கு வருவது பெரும்பாலும், கேம்பிரிட்ஜில் சைமன் பாரன்-கோஹன் குழுவினர் 2001இல் வெளியிட்ட 50 கேள்விகள் கொண்ட தன்மதிப்பீட்டுத் தாள். 32 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் மருத்துவரை அணுகுவது நல்லது என்பதே அதன் பொருள். அதுவே நோயறிதல் ஆகாது. அதன் கேள்விகள் பிரிட்டிஷ் வாழ்க்கையிலிருந்து பிறந்தவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். விருந்துக்குச் செல்வதைவிட நூலகம் செல்ல விருப்பமா என்று அது வினவுகிறது. ஆனால் பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிய நூலக இயக்கத்தால் ஊர்தோறும் வாசகசாலை எழுந்து, அங்கே அரசியலும் இலக்கியமும் உரத்து விவாதிக்கப்படும் கேரளத்தில், நூலகம் செல்வது தனிமையின் அடையாளம் ஆகாது.

இந்தியாவில் அரசுச் சான்றிதழுக்குப் பயன்படுவது ஐசா எனப்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல். ஆறு பிரிவுகளில் 40 கூறுகள். ஒவ்வொரு கூறும் எவ்வளவு அடிக்கடி காணப்படுகிறது என்பதைப் பொறுத்து 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழ் வந்தால் ஆட்டிசம் இல்லை என்பது முடிவு. வெளியே தெரியும் நடத்தையைக் குழந்தைகளிடம் அளப்பதற்கு இது உதவுகிறது. ஆனால் முப்பது ஆண்டுகளாக அந்த நடத்தையை அடக்கப் பழகிய ஒருவரிடம் இது அளப்பது எஞ்சியிருக்கும் நடத்தையை மட்டுமே. அடக்குவதற்கு அவர் செலவிடும் உழைப்புக்கு இதில் மதிப்பெண் கிடையாது. அறிகுறிகள் இளமையிலேயே இருந்தாலும் சமூகத்தின் எதிர்பார்ப்பு கூடும்வரை முழுமையாக வெளிப்படாமல் இருக்கலாம், பின்னாளில் கற்ற உத்திகளால் மறைக்கப்பட்டும் இருக்கலாம் என்று 2013ஆம் ஆண்டின் அமெரிக்கக் கையேடு தெளிவாகவே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே அனுபவம் மிக்க மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ அளவுகோலோடு நின்றுவிடுவதில்லை. தாயையோ மூத்த சகோதரரையோ அழைத்துக் குழந்தைப் பருவத்தைக் கேட்டறிகிறார், பழைய பள்ளி அறிக்கைகளைப் பார்க்கிறார், பதற்றநோய், மனவடு, ஏ.டி.எச்.டி. போன்றவை ஆட்டிசமாகத் தோற்றமளிக்கின்றனவா என்று பிரித்தறிகிறார். கைப்பேசியில் பத்து நிமிடத்தில் முடியும் தேர்வு இந்த உழைப்புக்கு ஈடாகாது.

தெரிந்த பின்

கண்டறியப்பட்டவர் முதலில் அடைவது ஆறுதல். அதன் பின்னாலேயே துயரமும் வருகிறது. கெட்டுப்போன நட்புகள், கைவிட்ட வேலைகள், வாங்கிய ஏச்சுகள் அனைத்தையும் மீண்டும் ஒருமுறை நினைவில் எடுத்துப் பார்க்கும் காலம் அது. ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இல்லை. உடனிருக்கும் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் சிகிச்சை உண்டு, வாழும் சூழலை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. கூச்சலற்ற இருக்கை, வாய்மொழிக்குப் பதில் எழுத்தில் தரப்படும் பணிக்கட்டளை, முன்கூட்டியே அறிவிக்கப்படும் மாற்றம் ஆகியவை அதிகச் செலவில்லாத ஏற்பாடுகள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய நியாயமான ஏற்பாடுகளை உரிமையாகவே வகுத்துள்ளது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு சான்றளிக்கப்பட்டவர்களுக்கு, ஆட்டிசம் உள்ளிட்ட சில பிரிவுகளுக்குச் சேர்த்து, அரசுப் பணியில் ஒரு விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு.

சிந்தனைக்குரிய மற்றொரு கருத்தும் இங்கே சொல்லத்தக்கது. ஆட்டிசம் கொண்டவர் பிறரைப் புரிந்துகொள்வதில்லை என்பதே நெடுங்காலக் கொள்கை. தாமும் ஆட்டிசம் கொண்டவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் அதனை மறுத்தார். புரியாமை இருபுறமும் நிகழ்வது, பெரும்பான்மையோரும் ஆட்டிசம் கொண்டவரைப் புரிந்துகொள்வதில்லை என்று அவர் வாதிட்டார். இதனை விளக்க மட்டாஞ்சேரியைவிடப் பொருத்தமான ஊர் அரிது. 1568இல் எழுந்த பரதேசி யூத வழிபாட்டு இல்லத்தின் அருகே கொங்கணியரும் குஜராத்தியரும் கச்சி மேமன்களும் தமிழரும் நூற்றாண்டுகளாக வாழ்ந்து, பஜார் சாலையில் மிளகும் இஞ்சியும் ஏலமும் விற்று வாங்கினர். பக்கத்து ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில் தமிழ் வண்ணார் குடும்பத்தினர் இன்றும் துணி வெளுக்கின்றனர். ஒருவர் மற்றவராக மாறிவிட வேண்டும் என்று அங்கே எவரும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. வணிகம் நடக்கும் அளவுக்கு இருதரப்பும் மற்றவர் மொழியில் பாதி தூரம் வந்தன. ஆட்டிசம் கொண்ட பெரியவர்கள் குடும்பத்திடமும் அலுவலகத்திடமும் கேட்பதும் அந்தப் பாதி தூரத்தையே.

குழந்தைகளுக்காகக் கேரளம் செய்திருப்பது பாராட்டத்தக்கது. திருவனந்தபுரத்தின் குழந்தை வளர்ச்சி மையமும், பேச்சு, கேட்டல் திறனுக்கான நிஷ் நிறுவனமும், திருச்சூர் மாவட்டம் கல்லேட்டுங்கரையில் உள்ள மறுவாழ்வுக்கான நிப்மர் நிறுவனமும் அதற்குச் சான்று. தமிழ்நாட்டில் முட்டுக்காட்டில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தையும் அவ்வரிசையில் வைக்கலாம். ஆனால் நாற்பது வயதில் ஐயத்தோடு வரும் ஒருவர் எந்தக் கதவைத் தட்டுவது என்பதற்கு இரு மாநிலங்களிலும் எளிய விடை இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவ முகாம்களில் மாதம் ஒரு நாளையேனும் வயதுவந்தோரின் நரம்பு வளர்ச்சி மதிப்பீட்டுக்கு ஒதுக்குவதும், மறைப்பு நடத்தையைக் கணக்கில் கொள்ளும் அளவுகோலை மலையாளத்திலும் தமிழிலும் உருவாக்குவதும், மருத்துவர்களுக்கு அதில் பயிற்சி அளிப்பதும் அரசுகள் உடனே செய்யக்கூடியவை, செய்ய வேண்டியவை.

அதுவரை, இக்கட்டுரையில் தம் சாயலைக் கண்ட வாசகர் தயங்காமல் ஒரு மனநல மருத்துவரை அணுகி, குழந்தைப் பருவம் முதலான தம் கதையைச் சொல்ல வேண்டும். மனம் தாங்க இயலாத நாளில் 14416 என்னும் எண்ணில் டெலி-மானஸ் உதவி இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தம் வீட்டில் இத்தகைய ஒருவரைக் கண்டுகொண்ட வாசகர், இத்தனை ஆண்டுகளாக அவருக்குச் சூட்டிய பட்டப்பெயர்களை இன்றே கைவிட வேண்டும்.