பாய்லரில் ஊசித்துளை விழுந்தாலே 210 மெகாவாட் காலி! முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் 'புள்ளியியல்' கணக்கு

சாயர்புரம்,

"அனல் மின் நிலையத்தில் பாய்லர் டியூப் பஞ்சர். 210 மெகாவாட் உற்பத்தி பாதிப்பு." தூத்துக்குடி வட்டாரத்தில் பேப்பர் படிப்பவர்களுக்கு இந்தச் செய்தி புதிதல்ல. சில நாள் கழித்து, "பழுது சரிசெய்யப்பட்டு மீண்டும் உற்பத்தி தொடங்கியது" என்று இன்னொரு செய்தி வரும். அப்புறம் மறுபடியும் பஞ்சர்.

ஓட்டை பெரிதாகும் முன்பே கண்டுபிடிக்க வழியே இல்லையா? இருக்கிறது. அதுவும் பாய்லருக்குள் எட்டிப் பார்க்காமலே! இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஒரு நாளைக்கு 50 லட்சம் யூனிட்

தூத்துக்குடி துறைமுகம் அருகே உள்ள அனல் மின் நிலையத்தில் முதல் பிரிவு 1979-ல் ஓடத் தொடங்கியது. 1992-க்குள் தலா 210 மெகாவாட் திறன் கொண்ட 5 பிரிவுகள் அமைக்கப்பட்டன. ஒரு பிரிவு ஒரு நாள் நின்றால், முழு உற்பத்திக் கணக்கில் சுமார் 50 லட்சம் யூனிட் மின்சாரம் போச்சு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவழிக்கும் வீடு என்றால், 10 ஆயிரம் வீடுகளின் இரண்டு மாத கரண்ட் அது.

இங்கே ஒரு பிரிவு நின்றதும் சாயர்புரத்தில் ஃபேன் நின்றுவிடாது. எல்லா மின்சாரமும் ஒரே தொகுப்பில் சேர்ந்துதான் ஊர்களுக்கு வருகிறது. ஆனால் ஏப்ரல், மே வெயிலில் தேவை எகிறும்போது ஒரு பிரிவு திடீரென கழன்றுகொண்டால், அந்த இடத்தை நிரப்ப வெளியே மின்சாரம் வாங்க வேண்டும். அந்தச் செலவு கடைசியில் மக்கள் தலையில்தான் விழும்.

ஒரு குழாய் பத்தாகும் கதை

பாய்லர் என்பது பெரிய அண்டா இல்லை. பல மாடி உயர அடுப்பு. அதன் சுவரே குழாய்களால் ஆனது. குழாய்க்கு வெளியே நிலக்கரி நெருப்பு, உள்ளே தண்ணீரும் நீராவியும். 210 மெகாவாட் பாய்லரில் மணிக்கு 600 டன்னுக்கும் அதிகமான நீராவி, சுமார் 540 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெளியே வரும். அழுத்தமோ கார் டயரில் இருப்பதைப்போல 60 மடங்குக்கு மேல்.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். அது உப்புத்தாள் போல குழாயை வெளியே தேய்க்கிறது. உள்ளே துருவும் படிவும் அரிக்கிறது. வெல்டிங் இணைப்புகளும் வலுவிழக்கின்றன. காற்றாலை, சோலார் மின்சாரம் கூடும்போது அனல் மின் உற்பத்தியைக் குறைப்பதும், அது குறையும்போது ஏற்றுவதும் இப்போது சகஜம். சூடு ஏறி இறங்க, குழாய் இன்னும் களைத்துப்போகிறது.

முதலில் விழுவது ஊசித்துளைதான். ஆனால் அதிலிருந்து பீய்ச்சும் நீராவி பக்கத்துக் குழாயைக் கத்தி போல அறுக்கும். கவனிக்காமல் விட்டால் ஒரு குழாய் மாற்ற வேண்டிய இடத்தில் பத்து குழாய் மாற்ற வேண்டி வரும்.

மோட்டார் கணக்கு

புள்ளியியல் கண்காணிப்பு என்றதும் பயந்துவிட வேண்டாம். வீட்டில் தினமும் நடப்பதுதான். மோட்டார் போட்டால் மாடி டேங்க் நிரம்ப 40 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் 38, ஒரு நாள் 42. இதெல்லாம் சாதாரணம். ஒரு நாள் 47 நிமிடம் ஆனால் வீட்டம்மா சொல்லிவிடுவார், "எங்கேயோ பைப் லீக் ஆகுது!"

இதையே கணக்காக மாற்றியவர் அமெரிக்காவின் வால்டர் ஷூவார்ட். 1924-ல் டெலிபோன் கருவிகள் தயாரிக்கும் ஆலைக்காக இதை உருவாக்கினார். பல நாள் அளவுகளை எடுத்து சராசரி போட வேண்டும். வழக்கமாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் கணக்கிட வேண்டும். அந்த ஏற்ற இறக்க அளவு 2 நிமிடம் என்றால், அதைப்போல 3 மடங்கு, அதாவது 6 நிமிடம் வரை இரு பக்கமும் விடலாம். 34 முதல் 46 வரை சரி. தாண்டினால் சோதிக்க வேண்டும்.

தினமும் 43, 44, 43, 44 என்றே வந்தால்? ஒரு நாள் கூட 46-ஐ தாண்டவில்லை. ஆனாலும் ஏதோ கோளாறு. இப்படி விடாமல் ஒரே பக்கம் சாய்வதைக் கூட்டிப் பார்த்துப் பிடிக்கும் முறையும் 1954-ல் வந்துவிட்டது.

வோல்டேஜ் குறைந்த நாளில் டேங்க் நிரம்ப நேரமாகும். அது லீக் இல்லை. பாய்லரிலும் அப்படியே. பகலில் 210 மெகாவாட் ஓட்டும்போது இருக்கும் அளவு வேறு, இரவில் 150-க்கு இறக்கும்போது இருக்கும் அளவு வேறு. அதனால் "இந்த உற்பத்திக்கு இந்த அளவுதான் வரணும்" என்று கம்ப்யூட்டர் முதலில் கணக்கிடும். உண்மையில் வருவது அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் கண்காணிக்கும். பழைய அலாரம் அப்படி அல்ல. ஒரே ஒரு எல்லை. அதைத் தாண்டும்போதுதான் அலறும். அதற்குள் குழாய் கிழிந்திருக்கும்.

கொல்கத்தா மூளை

குழாயில் துளை விழுந்தால் பல இடத்தில் தடயம் கிடைக்கும். பாய்லருக்குக் கூடுதலாக ஊற்றும் சுத்திகரித்த தண்ணீர் கொஞ்சம் கூடும். உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் நீராவிக்கும் கணக்கு இடிக்கும். புகையோடு நீராவியும் சேர்வதால், அதை இழுக்கும் மின்விசிறி அதிக கரண்ட் எடுக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்ன மாற்றம்தான். எல்லாம் ஒரே நேரத்தில் மாறுவதுதான் சந்தேகத்துக்குரியது.

இந்தக் கூட்டுச் சந்தேகத்தை ஒரே எண்ணாகச் சொல்ல உதவும் சூத்திரம் ஒரு இந்தியருடையது. கொல்கத்தாவில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கிய பி.சி.மகலனோபிஸ், 1936-ல் வெளியிட்ட 'மகலனோபிஸ் தூரம்' அது. மனித உடல் அளவுகளை ஒப்பிடப் பிறந்த கணக்கு, இன்று எந்திரங்களின் காய்ச்சலைப் பார்க்க உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

'புலி வருது' ஆகிவிடக் கூடாது

இதிலும் சிக்கல் உண்டு. 3 மடங்கு எல்லை வைத்தாலும், கோளாறே இல்லாமல் ஆயிரம் அளவுகளில் சுமார் 3 வெளியே விழும். நூற்றுக்கணக்கான கருவிகள் நிமிடத்துக்கு நிமிடம் அளவு அனுப்பும் நிலையத்தில், ஒவ்வொன்றுக்கும் மணி அடித்தால் என்னாகும்? 'புலி வருது' கதைதான். ஆபரேட்டர் மணியையே அணைத்துவிடுவார். அதனால்தான் தொடர்ந்து பல அளவுகள் விலகினால் மட்டும் எச்சரிக்கும்படி அமைக்கிறார்கள். அளக்கும் கருவியே பழுதானாலும் கணக்கு தப்பும். அதையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

எல்லா ஆபத்தையும் இது பிடித்துவிடாது. அடைப்பால் சூடேறி குழாய் சட்டென வெடித்தால் முன்னறிவிப்புக்கு நேரமே இருக்காது. நெய்வேலி 2-வது அனல் மின் நிலையத்தில் 2020 மே 7 மற்றும் ஜூலை 1-ந் தேதிகளில் நடந்த பாய்லர் விபத்துகளில் தொழிலாளர்கள் பலர் பலியானார்கள். உத்தரபிரதேச மாநிலம் உஞ்சஹாரில் 2017 நவம்பர் 1-ந் தேதி நடந்த விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவை ஊசித்துளை சமாச்சாரம் அல்ல. ஆனால் பாய்லர் பக்கத்தில் நிற்பவர்களுக்கு எது உயிர்ப் பிரச்சினை என்பதை இவை காட்டுகின்றன. கோளாறு தெரிந்ததும் நிறுத்துவதா, ஓட்டுவதா என்ற முடிவுதான் அது.

நிறுத்துவது யார்?

முன்கூட்டியே தெரிந்தால் லாபம் என்ன? தேவை குறைவான ஞாயிற்றுக்கிழமையோ, காற்றாலைகள் நன்றாகச் சுற்றும் காற்று சீசன் நாளோ பார்த்து, உதிரிக் குழாயும் வெல்டரும் தயாராக வைத்துக்கொண்டு நிறுத்தலாம். பாய்லர் ஆற அவகாசம் கிடைக்கும். அவசர அவசரமாக ஆளை உள்ளே இறக்க வேண்டியதில்லை.

ஆனால் கம்ப்யூட்டர் எச்சரிக்க மட்டுமே செய்யும். "இன்னும் ரெண்டு நாள் ஓட்டிப் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டால், எந்தக் கணக்கும் பயன்படாது. எச்சரிக்கை வந்ததும் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஷிப்ட் பொறியாளரிடம் இருக்க வேண்டும். அவர் நிறுத்திய பிறகு, "ஏன் நிறுத்தினாய்?" என்று யாரும் கடிந்துகொள்ளவும் கூடாது. அது நடந்தால்தான் அந்த ஊசித்துளை ஊசித்துளையோடு நிற்கும்.